பாதையில் ஏறிப் போன ஊர்

"உங்க ஊர்ல கவர்மெண்ட் பஸ்ஸெல்லாம் ஓடுதாக்கா?"

நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் இருந்த தம்பி வெள்ளந்தியாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. இலங்கையில் அரசு பஸ்களைக் கையில் எடுத்தது 1958 ஜனவரி 1இல், சென்னையில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்ததே 1972இல்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். எங்கள் சிவப்பு பஸ்களில் பல அவர்கள் நாட்டு லேலண்ட் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அங்கே பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. காரைக்கால், சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று மாறி மாறிப் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தேன். எங்கும் ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரைகூட நிற்கவில்லை. நாகூர் டவுன் பஸ்ஸில் காசை நீட்டினால் கண்டக்டர் வாங்கவில்லை. "லேடீஸுக்கு ஃப்ரீம்மா." 2021இலிருந்து அப்படியாம். நான் இலங்கைக்காரி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் உள்ளே தள்ளிவிட்டார்கள். இதில் நாங்கள் தோற்றோம், சரி.

ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் வைத்துவிட்டு அவர்கள் கடலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்களோ! கழுத்து வலிக்க வலப்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன். வயல், கல்யாண மண்டபம், மறுபடி வயல். நான் ஏறிய ஐந்து பஸ்களிலும் இதே கதை.

சொற்கள்தான் என்னைப் படாதபாடு படுத்தின. "பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிடும்?" என்றால் "கேரளாங்களா?" என்கிறார்கள். நாங்கள் ஹோல்ட் என்பது அங்கே ஸ்டாப்பிங். எங்கள் மிச்சக்காசு அவர்களுக்குச் சில்லறை. நாங்கள் இறங்க மணி அடிப்போம். அங்கே கண்டக்டர் விசில் ஊத வேண்டும். "சின்ன வயசுல திருகோணமலைக்குப் பாதையில ஏறித்தான் போவம்" என்றேன். "ரோட்டுல ஏறியா?" என்று தம்பி சிரித்தார். கிழக்கு மாகாணத்தில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி ஆறும் களப்பும் கடத்தும் மிதவைக்குத்தான் பாதை என்று பேர். கிண்ணியாவில் 2009இல் 396 மீற்றர் பாலம் திறந்ததும் அங்கிருந்த பாதைக்கு வேலையில்லாமல் போயிற்று. அவருக்கு இது விளங்கியதாகத் தெரியவில்லை.

மட்டக்களப்பிலும் ரயில் உண்டு, திருகோணமலையிலும் உண்டு. ஆனால் இரண்டு தண்டவாளமும் சந்திப்பது காட்டுக்குள்ளே, கல்லோயாச் சந்தியில். ஆகவே கரையோடு போக எங்களுக்கு பஸ்தான். போன மாதம் வாழைச்சேனையில் ஒரு பெரியவர் ஏறாமலே ஒரு சாக்குப் பையை உள்ளே வைத்தார். "கதிரவெளியில மருமகன் நிப்பார், குடுத்திருங்க மகன்." கொண்டக்டர் பெயர்கூடக் கேட்கவில்லை. கதிரவெளியில் மருமகனைக் காணோம். பஸ் நின்றது. சாரதி ஹோர்ன் அடித்தார். வளவுக்குள்ளிருந்து சாரத்தை மடித்துக் கட்டியபடி ஒருவர் ஓடிவந்து வாங்கிய பிறகுதான் வெருகல் பக்கம் நகர்ந்தோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நாகப்பட்டினத்துத் தம்பி இருந்திருந்தால் மணிக்கூட்டைப் பார்த்திருப்பார். அவர் பார்ப்பதிலும் நியாயம் உண்டு, நாங்கள் மெதுவாகத்தான் போய்ச் சேர்கிறோம்.

தம்பி, உங்கள் நாகையிலிருந்தே காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் தொடங்கினார்கள். ஒருமுறை ஏறி வாருங்கள். மட்டக்களப்பில் திருகோணமலை பஸ் எடுத்து, வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பனிச்சங்கேணிப் பாலம் வரும்போது மட்டும் நித்திரை கொள்ள வேண்டாம்.