கதை முடிந்த பின்னர்: விலங்குக் கதைகளும் முதிர்ந்த வாசகரும்

விலங்குகள் பேசும் கதைகளைச் சிறுவர்க்குரியன என ஒதுக்கிவிடுவது நமது இலக்கியத் திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. பள்ளிப் பாடநூலில் இடம்பெறும் அக்கதைகளுக்குப் பல்கலைக்கழக ஆய்வரங்கில் இடம் அரிது. ஆயின், அவற்றைக் கேட்டு வளர்ந்தோர் நரை தோன்றிய பின்னரும் அவற்றைக் கைவிடுவதில்லை. பேரப்பிள்ளைக்குச் சொல்லும் சாக்கில் தாமும் மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்கின்றனர். இதற்குக் காரணம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. ஒன்று, இளமை நினைவின் இனிமை. மற்றையது, கதை உணர்த்தும் நீதி. இவ்விரண்டும் போதிய விடைகள் ஆகா. இளமை நினைவே காரணமெனின், கிட்டியும் பம்பரமும் அதே அளவில் நம்மை ஈர்த்தல் வேண்டும். நீதியே காரணமெனின், ஆராயாது செய்யும் கருமம் துன்பம் தரும் என்பதை அறிவதற்கு ஐம்பது வயதினர் கீரிப்பிள்ளையை நாடவேண்டியதில்லை. அவருடைய வாழ்க்கையே அதனைக் கற்பித்திருக்கும்.

சிறுவர் கதை என்னும் பெயரும் இவற்றுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததே. பஞ்சதந்திரம், அறிவிற் குன்றிய அரசகுமாரர் மூவருக்கு விட்டுணுசருமா அரசியல் புகட்டிய நூலாகத் தன்னை அறிமுகஞ் செய்துகொள்கிறது. அதனைத் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையிற் பெயர்த்தார். 1826இல் அது வெளிவந்தது. அவர் தமிழ் கற்பித்த சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கும்பனி அதிகாரிகளுக்கு நாட்டுமொழிகளைப் பயிற்றுவதற்கென 1812இல் நிறுவப்பட்டதாகும். முன்னர் ஆளப்பிறந்தோரும் பின்னர் ஆளவந்தோரும் கற்ற இக்கதைகள் தொட்டிலோடு மட்டும் தொடர்புடையன அல்ல என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நமக்கு அணித்தாயுள்ள ஒரு கதையை நோக்குவாம். குறிகட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனை வழிபடச் செல்வோருள் இக்கதையை அறியாதார் மிகச் சிலரே. நாகம் ஒன்று நாள்தோறும் புளியந்தீவிலிருந்து பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்திக் கடந்து அம்மனை வழிபட்டு வந்தது. ஒருநாள் கருடன் அதனைக் கொல்ல வந்தது. நாகம் கடலிடையே இருந்த கல்லொன்றைச் சுற்றிக்கொள்ள, எதிரேயிருந்த கல்லிற் கருடன் அமர்ந்து காத்திருந்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் ஒருவன் நாகத்தை விட்டுவிடுமாறு கருடனை வேண்டினான். அம்மனுக்குக் கோயில் எடுப்பாயின் விடுவேன் என்றது கருடன். வணிகன் உடன்பட்டான், நாகம் வழிபாட்டைத் தொடர்ந்தது. பாம்பு சுற்றிய கல் என்றும் கருடன் கல் என்றும் இரு கற்கள் இன்றும் அங்கே காட்டப்படுகின்றன.

இக்கதையைக் கேட்கும் பிள்ளையின் வினா ஒன்றே: பாம்பு தப்பியதா? தப்பியது என்றவுடன் பிள்ளைக்குக் கதை முடிந்துவிடுகிறது. முதியவருக்கோ அவ்விடத்திலேதான் கதை தொடங்குகிறது. கருடன் செய்த பிழை யாது? பாம்பை உண்பது அதன் இயல்பு. பூவைக் கொண்டுசெல்வது நாகத்தின் பத்தி. இரண்டும் தத்தம் அளவில் நியாயமானவையே. மனிதரைப் பாத்திரமாகக் கொண்ட கதையில் ஒருவரைக் கொடியவர் என வெறுத்து நாம் எளிதில் ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம். விலங்கை அவ்வாறு வெறுத்தல் இயலாது. பசித்த பறவையை எவ்வாறு குற்றஞ்சாட்டுவது? ஆகவே, பகைமை இங்கே வெறுப்பினின்றும் பிரிந்து, நியாயங்கள் இரண்டு எதிர்நிற்கும் சிக்கலாகவே நம்முன் நிற்கிறது. அச்சிக்கலைத் தீர்ப்பவன் அதில் எத்தொடர்பும் இல்லாத ஒரு வழிப்போக்கன். தீர்ப்பதற்குரிய செலவும் அவனுடையதே. நாகமும் கருடனும் தத்தம் வழியே செல்ல, கோயிலைக் கட்டும் கடமை வணிகன் தலையில் விழுகிறது.

விலங்குக் கதை முதியோரைப் பிணிக்கும் இடம் இதுவே எனலாம். அக்கதை முடியும்பொழுது தீர்க்கப்படாத கடன் ஒன்றை விட்டுச்செல்கிறது. விலங்கு விலங்காதலின் அக்கடனைத் தீர்க்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தல் கூடாது. அது கேட்கும் மனிதனிடமே வந்து சேர்கிறது. பிள்ளைக்கு அக்கடன் புலப்படுவதில்லை. வாழ்ந்து பழகியவருக்குப் புலப்படுகிறது.

நமது பேரிலக்கியமும் இவ்வுண்மையை அறிந்திருந்தது. குழந்தையைப் பாம்பினின்றும் காத்த கீரியை, அதன் வாயிற் குருதி கண்டு, ஆராயாது கொன்ற பார்ப்பனியின் கதையை அறியாதார் இலர். சிறுவர் நூலில் அது அவளுடைய அழுகையோடும் நீதிவாக்கியத்தோடும் முடியும். இளங்கோவடிகளோ அக்கதை முடிந்த இடத்தில் தொடங்குகின்றார். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிற் கீரியின் சாவு ஓரிரு சொற்களில் அடங்கிவிடுகிறது. கதையைக் கற்போர் அறிவர் என்பது அவர் துணிபு. அவர் விரித்துரைப்பது அதன் பின்விளைவையே. கணவன் அவளை நீங்கி வடதிசை செல்கின்றான். அவன் கொடுத்த ஏட்டை ஏந்தி அவள் வணிகர் மறுகில் அலைகின்றாள். கோவலன் அவளை அழைத்து வினவி, அவள் பாவம் தீர வேண்டிய தானங்களைச் செய்து, கணவனையும் மீட்டுக் கொணர்ந்து பொருளும் ஈந்து இருவரையும் வாழவைக்கின்றான். இங்கும் கடனைத் தீர்ப்பவன் தொடர்பற்ற ஒரு வணிகனே என்பது மனங்கொளத்தக்கது.

இச்செய்தியை அடிகள் வைத்துள்ள இடமும் நுனித்து நோக்கற்பாலது. மதுரைப் புறஞ்சேரியில், கோவலன் கொலையுண்பதற்குச் சற்று முன்னர், மாடலன் இதனை எடுத்துரைக்கின்றான். ஆராயாது கொன்ற ஒருத்தியின் துயரைத் துடைத்தவன், ஆராயாது ஆணையிட்ட அரசனாற் கொல்லப்படுகின்றான். பார்ப்பனிக்கு ஒரு கோவலன் வாய்த்தான். கோவலனுக்கு அத்தகையோர் ஒருவரும் வாய்க்கவில்லை. தொட்டிலருகே சொல்லப்படும் சிறுகதை ஒன்று பெருங்காப்பியத்தின் துன்பியலைத் தாங்கும் தூணாக நிற்பதை ஈண்டுக் காண்கின்றோம்.

பிறமொழியாளரும் இக்கடனை உணர்ந்தனர் என்பதற்கு மித்திரபேதக் கதையின் வரலாறு சான்றாகும். தமனகன் என்னும் நரி பிங்கலன் என்னும் சிங்கத்திடம் கோள்மூட்டி, அதன் நண்பனாகிய சஞ்சீவகன் என்னும் எருதைக் கொல்விக்கிறது. நரி தண்டனை எதனையும் அடைவதில்லை. எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா இந்நூலைப் பகலவி மொழியிலிருந்து அரபுக்குப் பெயர்த்தபொழுது, நரி விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெறும் அத்தியாயம் ஒன்றும் அதில் இடம்பெற்றது. அஃது அவரே சேர்த்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. கோள்சொல்லி தப்பிச்செல்வதை வளர்ந்த வாசகர் ஒருவராற் பொறுக்க இயலவில்லை. கோவலன் ஈகையால் தீர்த்த கடனை இவர் நீதிமன்றத்தால் தீர்க்க முயன்றார் எனலாம்.

மீண்டும் நம் தீவுக்கு வருவோம். மணிமேகலை கூறும் மணிபல்லவம் நயினாதீவே எனக் கொள்வோர் உளர். அம்மணிபல்லவத்தில் முடிவுறும் ஆபுத்திரன் வரலாறும் ஒரு விலங்குக் கதையாகவே தொடங்குகிறது. தாய் கைவிட்ட குழவிக்கு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது ஒரு பசு. வளர்ந்த பின்னர், வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த மற்றொரு பசுவை அவன் மீட்டான். அதனால் அடியுண்டு ஊரைவிட்டு நீங்கினான். பின்னர் சிந்தாதேவி அளித்த அமுதசுரபியால் எண்ணற்றோர் பசியைப் போக்கினான். ஈற்றிற் கப்பல் அவனை மணிபல்லவத்தில் தனியே விட்டுச் சென்றது. பலரை ஊட்டிய பாத்திரத்தால் தன் ஒருவன் வயிற்றை நிரப்ப அவன் மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர்நீத்தான். கோமுகி என்னும் அப்பெயரிலும் பசுவின் முகம் இருக்கிறது. பசு ஏழு நாள் ஊட்டிய பாலுக்கு ஒரு வாழ்நாள் முழுவதும் கடன் தீர்த்தவனின் வரலாறு இது. முதற்பகுதி பிள்ளைக்குப் போதும். இறுதிப்பகுதியின் சுமை முதியவருக்கே தெரியும்.

முதியோர் தம் அனுபவத்தை விலங்கின்மேல் ஏற்றிக் காண்கின்றனர். உள்ளுறை உவமம் போல விலங்கு இங்கே மனிதருக்குப் பதிலாக நிற்கிறது என ஒருவர் கூறலாம். இது பொருந்துமாறு இல்லை. உள்ளுறையில் மறைந்துள்ள பொருளைக் கண்டுகொண்டவுடன் விலங்கின் தொழில் முடிந்துவிடும். விலங்குக் கதையிலோ கருடன் இறுதிவரை கருடனே. அதன் பசி உண்மையான பசியே. நெடுந்தீவின் வெட்டவெளியில் வறட்சிக் காலத்தில் நீர் தேடி அலையும் குதிரைகளைக் கண்ட தீவகத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இக்கதைகளை நீதிவாக்கியமாகச் சுருக்கிக் கற்பிப்பதால் நேரும் இழப்பு சிறிதன்று. கதையின் இறுதியில் ‘இதனால் அறியப்படுவது யாது?’ என வினவும் பாடநூல், கடன் தீர்ந்துவிட்டது என்னும் பொய்யான நிறைவை மாணவருக்குத் தந்துவிடுகிறது. அதனினும் தக்க வினா, இனி என்ன செய்வது என்பதாகும். 1990களின் தொடக்கத்திற் போர் காரணமாகத் தீவகத்தோரிற் பெருந்தொகையினர் தம் ஊர்களை விட்டு நீங்கினர்; 2009இல் போர் முடிந்தபின்னரும் பலர் திரும்பவில்லை. தமிழரும் சிங்களவரும் அதே இறங்குதுறையிலிருந்து அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் இன்று கடல் கடக்கின்றனர். இரண்டு நாக அரசர் ஓர் ஆசனத்துக்குப் போரிட்டதையும் புத்தர் அதனைத் தீர்த்துவைத்ததையும் மகாவம்சமும் மணிமேகலையும் கூறும். நாகமும் கருடனும் எதிர்நின்ற கதையும் இத்தீவுக்கே உரியது. நியாயங்கள் இரண்டு எதிர்நிற்கும்பொழுது இடையே வருபவன் யார், அதன் செலவை ஏற்பவன் யார் என்னும் வினா நம் தலைமுறைக்குப் பிள்ளைக்கதை அன்று. அதனை விடாது கேட்டுக்கொண்டிருப்பதனாலேயே இக்கதைகள் முதியோர் நெஞ்சில் முதுமை அடையாது நிற்கின்றன.