அணைத்துவிட்டுப் பாருங்கள்

பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் பேட்டரியை விசாரிப்பார்கள், கீபோர்டைத் தட்டிப் பார்ப்பார்கள். திரையை மட்டும் எரியவிட்டே பார்த்துவிட்டுப் பணம் கொடுத்துவிடுவார்கள். அம்பத்தூர் நண்பர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கண்ணாடித் திரை லேப்டாப் (கம்பெனிப் பெயர் வேண்டாம்) கைக்கு வந்ததும் அதை அணைத்து, டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்தேன். ஓரமெல்லாம் தேமல் படர்ந்த மாதிரி வெளிறிய திட்டுகள். நடுவில் கீபோர்டு பட்டன்களின் தடம். துடைத்தால் போகாது, பூச்சு போன இடம் அது.

வெறும் கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அதைக் குறைக்கவே மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள அடுக்குகளைப் பூசுகிறார்கள். அடுக்கின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தேய்ந்த இடத்தில் அது நடக்காது, பளிச்சென்று தெரியும். வெள்ளைப் பக்கம் திறந்திருக்கும்போது கண்ணுக்கே படாது. கறுப்புப் பின்னணியில் மானம் போகும்.

இதில் ஊரறிந்தது ஆப்பிள் கதை. 2012 முதல் 2015 வரை வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோக்களில் பூச்சு உரிந்தது. உரிமையாளர்கள் ‘ஸ்டெயின்கேட்’ என்று பெயர் வைத்துச் சண்டை போட்டார்கள். 2015 அக்டோபரில் திரையை இலவசமாக மாற்றித்தர ஆப்பிள் முன்வந்தது. அந்தச் சலுகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பழைய லேப்டாப் கடைகளில் அந்த மாடல்கள் மட்டும் இன்னும் கிடைக்கின்றன.

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் காலை லோக்கலில் பையை மார்போடு அணைத்து நிற்பவருக்குப் பூச்சு தேயும் காரணத்தை விளக்க வேண்டாம். நெரிசலில் மூடி அழுந்தி, விரல் எண்ணெய் படிந்த பட்டன்கள் திரையில் உரசுகின்றன. பூந்தமல்லி சாலைப் புழுதி சேர்ந்தால் உப்புத்தாளேதான். புழுதியைத் தட்டாமல் துடைப்பது, கண்ணாடி துடைக்கும் அமோனியா ஸ்பிரே, உப்பு மிதக்கும் போர் தண்ணீர் எல்லாமே கெடுதல். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்தால் போதும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், விபூதியை மூடியின் வெளிப்பக்கம் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

அம்பத்தூர் நண்பர் வீட்டிலேயே ஒரு மேட் திரை லேப்டாப்பும் இருக்கிறது. அதில் மேலே இருப்பது சொரசொரப்பான பிளாஸ்டிக் படலம். அழுத்தித் தேய்த்த இடம் வழவழப்பாகி மினுங்குகிறது. ஆனால் திட்டுத்திட்டாக உரியவில்லை. நிறம் கொஞ்சம் மங்கல்தான். தினம் ரயிலேறுகிறவருக்கு நான் அதையே சொல்வேன்.

மவுத்வாஷ் போட்டு மிச்சப் பூச்சையும் தேய்த்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். திட்டு மறையும், ஜன்னல் வெளிச்சம் முழுக்கத் திரைக்குள் வந்து உட்காரும். வீட்டில் திரும்பப் பூசவும் வழியில்லை. முழுத் திரையையும் மாற்ற வேண்டும். கடைக்காரர் எரியவிட்டுக் காட்டும்போதே அணைக்கச் சொல்லிப் பாருங்கள், திட்டு இருந்தால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.