ஏரியில் அமிழ்ந்த கப்பலும் அமிழாத பாட்டும்

ஏரியில் கப்பல் மூழ்கி 29 பேர் மாண்டனர் என்று சொன்னால் நம்மவருள் நகைப்பாரும் இருப்பர். ஏரி என்றவுடன் நமக்குக் கரையும் மதகும் கழனியுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் கனடாவுக்கும் நடுவே கிடக்கும் சுப்பீரியர் ஏரியோ 82,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சிங்கப்பூரைப் போன்ற தீவுகள் நூற்றை அதனுள் இட்டாலும் இடம் மிஞ்சும். நவம்பர் மாதத்தில் அங்கு எழும் புயல் கடற்புயலுக்கு எவ்வகையிலும் இளைத்ததன்று.

அவ்வேரியில் 1975-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி இரவு ‘எட்மண்ட் பிட்ஸ்ஜெரால்ட்’ என்னும் சரக்குக் கப்பல் அமிழ்ந்தது. 729 அடி நீளமுள்ள அக்கப்பல், 26,000 டன்னுக்கு மேற்பட்ட இரும்புக் கனி உருண்டைகளை ஏற்றிக்கொண்டு, முன்னாள் சுப்பீரியர் நகரத் துறையினின்றும் டெட்ராய்ட் பக்கம் புறப்பட்டது. பின்னால் வந்துகொண்டிருந்த ‘ஆர்தர் ஆண்டர்சன்’ என்ற கப்பலார், இரவு 7 மணி கடந்து சில நிமிஷத்தில் ரேடியோ மூலம் நிலைமையை வினவினர். சமாளித்துக்கொண்டு வருகிறோம் என்னும் பொருள்பட விடை வந்தது. அதுவே கடைசிப் பேச்சு. அபாயக் குறி ஒன்றும் எழவில்லை. 29 பேரில் ஒருவர் உடலும் கிடைக்கவில்லை.

இச்செய்தியை ஒரு வாரப் பத்திரிகையில் படித்தே கனடா நாட்டுப் பாடகர் கார்டன் லைட்பூட் தம் பாட்டைக் கட்டினார். 1976-இல் வெளிவந்த அப்பாட்டு கனடாவில் முதலிடமும் அமெரிக்காவில் இரண்டாமிடமும் பெற்றது. ஆறு நிமிஷத்துக்கு மேல் நீளும் அதற்குப் பல்லவி கிடையாது, காதல் இல்லை, ஆடுவதற்கேற்ற தாளமும் இல்லை. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து அலைபோல் மோதுகின்றது. நம் முன்னோர் காலத்தில் புயலடித்தாலும் வெள்ளம் வந்தாலும் கொலை விழுந்தாலும் உடனே ஒரு சிந்து அச்சாகிச் சந்தைக்கு வந்துவிடும். புலவர் அவற்றை இகழ்ந்தனர். பாமரர் காசு கொடுத்து வாங்கிப் பாடினர். லைட்பூட்டின் பாட்டு அந்த இனத்தைச் சேர்ந்ததே. இதைத் தாழ்வாகக் கருதி யாம் கூறவில்லை. கப்பற் கூலிக்காரரின் சாவைக் காவியப் பொருளாக எண்ணிய உள்ளத்தை நாம் வணங்குகின்றோம்.

ஆயினும் வணக்கத்தோடு நின்றுவிட்டால் அது விமரிசனமாகாது. கப்பல் கிளீவ்லந்துக்குச் சென்றதாகப் பாட்டுக் கூறுகின்றது, அது பிழை. இச்சிறு பிழையைப் பொறுக்கலாம். பெரிது வேறொன்றுண்டு. சரக்கறையின் மேல்மூடி உடைந்து நீர் புகுந்ததாகப் பாட்டில் ஓரடி வந்தது. 1977-இல் அமெரிக்கக் கடலோரக் காவற்படை வெளியிட்ட அறிக்கையும் மூடிகள் சரிவர நீரைத் தடுக்கவில்லை என்றே கருதிற்று. கப்பல் முதலாளிகளின் சங்கமோ அதை மறுத்து, காரிபூ தீவருகே மணற்றிட்டில் அடிபட்டிருக்க வேண்டும் என்றது. வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் அறிக்கையைப் படிப்பவர் சிலர். பாட்டைக் கேட்பவர் கோடிப் பேர். மூடிகளைப் பூட்டும் பொறுப்பு எவருடையது? செத்த தொழிலாளருடையது! பதில் சொல்ல அவர்கள் வாயில்லை. அவர்தம் குடும்பத்தார்க்கு அவ்வடி முள்ளாகத் தைத்ததில் வியப்பென்ன?

2010-இல் லைட்பூட் அவ்வடியை மாற்றிப் பாடத் தொடங்கினார். மூடி போயிற்று, இருள் சூழ்ந்தது என்னும் கருத்து வந்தது. பாட்டின் ஓட்டம் சற்றுத் தளர்ந்தது என்பார் உளர்; நமக்கும் அப்படியே தோன்றுகின்றது. எனினும் எதுகையினும் ஏழையின் நற்பெயர் பெரிதென்று கருதிய புலவர்களை நாம் அதிகம் கண்டதில்லை. டெட்ராய்டிலுள்ள மாலுமிகள் கோயிலைப் பற்றிய அடைமொழி ஒன்றையும், அக்கோயிலைச் சேர்ந்தவர் சொற்கேட்டுத் திருத்தினார். கப்பல் மூழ்கியதும் 29 முறை மணியடித்த அக்கோயில், 2023-இல் அவர் மறைந்தபோது 30 முறை அடித்தது.

மற்றொன்று. ஏரி தன்னிடம் இறந்தாரைத் திருப்பித் தருவதில்லை என்னும் செவிவழிக் கதையைப் பாட்டு வெகு அழகாகக் கையாளுகின்றது. கேட்குந்தோறும் உடல் சிலிர்க்கின்றது. உண்மையோ எளிது: நீரின் கடுங்குளிர், பிணத்தை ஊதச் செய்யும் கிருமிகளை வளரவிடுவதில்லை, ஆகவே உடல் மிதப்பதில்லை. அழகைப் பாடகர் வைத்துக்கொள்ளட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஏரியின்மீதும் நவம்பர்மீதும் பழி முழுவதும் விழும்படி பாடியபோது ஒன்று விடுபட்டுப் போயிற்று. 1969 முதல் 1973 வரை மும்முறை விதியைத் தளர்த்தி, முன்னிலும் 3 அடிக்கு மேல் அக்கப்பல் நீரில் அமிழ்ந்து செல்ல அதிகாரிகள் இடங்கொடுத்திருந்தனர். பாரம் மிகுந்தால் இலாபம் மிகும். அக்கணக்கைப் பாட்டில் தேடினோம், காணோம்.

கப்பலுக்கு இட்ட பெயரோ, அதற்கு உடைமையாளராயிருந்த ஆயுள் இன்ஷியூரன்ஸ் கம்பெனித் தலைவருடையது. பாட்டின் புண்ணியத்தால் அவர் பெயரை உலகமே உச்சரிக்கின்றது! காப்டன் வருகிறார், சமையற்காரர் வருகிறார்; ஒருவர்க்கும் பெயரில்லை. 1995-இல் கப்பலின் மணியை 530 அடி ஆழத்தினின்றும் மேலே கொணர்ந்து, ஒயிட்பிஷ் முனையிலுள்ள பொருட்காட்சிசாலையில் வைத்தனர். அதற்கு ஈடாக வேறொரு மணியைச் செய்து அடியில் இறக்கினர். 29 பெயர்களும் அம்மணியில் பொறிக்கப்பட்டுள்ளன.