மிஷ்கினின் பேயும் சவரக்கத்தியும்

சவரக்கத்தியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது. திருவரங்குளம் பக்கம் நான் பையனாக இருந்தப்போ, சேரிப் பிள்ளைகளுக்கு வெட்ட முடியாதுன்னு ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். அப்பா என்னைப் பஸ் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். 'எந்தத் தெருன்னு கேட்டா வேற தெருப் பேரைச் சொல்லுடா' என்று பஸ்ஸிலேயே பாடம். பிடரியில் கத்தி ஊர்ந்து முடிகிறவரை, கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான். கத்தி பிடித்தவரும் ஊருக்கு ஊழியம் செய்து அடிபட்டவர் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அந்தப் பிடரியோடுதான் 'சவரக்கத்தி' (2018) பார்த்தேன். மிஷ்கின் எழுதித் தயாரித்து, அவர் தம்பி ஜி.ஆர். ஆதித்யா இயக்கியது. முடிதிருத்தும் பிச்சையாக இயக்குநர் ராம். சாயங்காலம் ஆறு மணிக்குள் சிறைக்குத் திரும்ப வேண்டிய ரவுடி மங்காவாக மிஷ்கினே. சின்ன உரசல், அப்புறம் நாள் முழுக்கத் துரத்தல். பிச்சை வாயைத் திறந்தால் பொய். கூடவே காது கேளாத, நிறைமாத மனைவி. கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன், அதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. பிச்சையின் பொய், அப்பா பஸ்ஸில் சொல்லிக்கொடுத்த பொய்தான். பொய் இல்லாமல் ஊருக்குள் நடமாட முடியாத சனங்களின் பொய். படமோ அதை ஓர் ஆளின் கோணங்கித்தனமாக ஆக்கிவிடுகிறது.

மிஷ்கினின் ஆசான்களாக குரோசவாவையும் கிடானோவையும் சொல்வார்கள். கிடானோவின் 'கிகுஜிரோ' (1999) இல்லாமல் 'நந்தலாலா' (2010) இல்லை. சிரிப்பும் ரத்தமும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதை அங்கிருந்துதான் எடுத்தார். எடுக்கட்டும், தப்பில்லை. எனக்கு உறுத்துவது வேறு.

'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013): தவறுதலாக ஒரு பையனைக் கொன்றவன், கண் தெரியாத அந்தக் குடும்பத்துக்கே காவலாகிறான். 'பிசாசு' (2014): காரில் அடிபட்டுச் செத்த பவானி, அடித்தவன் வீட்டிலேயே பேயாகத் தங்கி அவனை நேசிக்கிறாள், அவன் அம்மாவைக் காப்பாற்றுகிறாள். பீர் பாட்டிலைப் பிடுங்கும் பேய்! 'சவரக்கத்தி'யில் பிள்ளை பிறந்ததும் மங்காவின் கத்தி இறங்கிவிடுகிறது. மூன்றிலும் கொன்றவனுக்கு, கொல்ல வந்தவனுக்கு ஆறுதல் கிடைத்துவிடுகிறது. அடிபட்டவர்களைத்தான் தெய்வம் மாதிரி நடந்துகொள்ளச் சொல்கிறார்கள். தமிழில் இவரளவு கருணையோடு பேய்ப்படம் எடுத்தவர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கருணை யார் செலவில்?

நம்ம பக்கத்துப் பேய்க்கதை அப்படியில்லையே. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் மதுரைவீரன். கழுவில் ஏற்றப்பட்டவன் காத்தவராயன். வெட்டுப்பட்டவர்கள் திரும்பி வந்து கிடாயும் சாராயமும் சுருட்டும் கேட்டார்கள். வெட்டிய கூட்டம் பயந்துகொண்டே கொடுத்தது. இந்தப் பயத்தை ஜப்பானில் போய்த் தேட வேண்டியதில்லை. ராகவா லாரன்ஸின் 'முனி' (2007) எத்தனை அரைவேக்காடாக இருந்தாலும், ஏமாற்றிக் கொன்ற அரசியல்வாதியிடம் கணக்குக் கேட்கத்தான் குப்பத்து முனியாண்டி வருகிறான். எங்க சனங்க அந்தப் படத்துக்கு விசிலடிச்சதுக்கு அதுதான் காரணம்.

'பிசாசு'வில் நான் நிஜமாகப் பயந்தது ஒரே இடம். மகளின் உடலை ஐஸ் பேக்டரியில் வைத்துக்கொண்டு, விட மனசில்லாமல் ராதாரவி கிடக்கிற இடம். பவானி மன்னித்துவிட்டாள், சரி. அந்த அப்பா மன்னித்தாரா?