கதைச்சுருக்கமும் கருத்துரைப்போரும் – ஐசன்ஸ்ரைனின் அனுபவம் பற்றிச் சில குறிப்புகள்

எமது விமர்சனம் பெரும்பாலும் முடிந்துவிட்ட ஆக்கங்களைப் பற்றியதாகவே இருந்து வந்துள்ளது. அச்சேறிய நாவல், மேடையேறிய நாடகம், திரைக்கு வந்த படம் என்பனவே அதன் ஆய்வுப் பொருள். ஆனால் திரைப்படத்தைப் பொறுத்தவரை, ஆக்கத்தின் தலைவிதி பல வேளைகளில் அதற்கு வெகு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. ஓரிரு பக்கக் கதைச்சுருக்கம் ஒருவர் கையிலே கொடுக்கப்பட்டு, அவர் தமது அபிப்பிராயத்தைக் கூறும் கணமே அது. அந்த அபிப்பிராயமும் ஒரு விமர்சனமே. அச்சில் வராத காரணத்தால் எவராலும் விமர்சிக்கப்படாத விமர்சனமாக அது இருந்துவிடுகிறது. குறும்படம் எடுக்க விரும்பும் இளைஞர்கள் தமது கதைச்சுருக்கங்களோடு பல்கலைக்கழக ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் நாடிவரும் இக்காலத்தில், நாம் அவர்களுக்கு என்ன சொல்லியனுப்புகிறோம் என்பதை ஆராய்தல் தகும்.

1930இல் சோவியத் நெறியாளர் சேர்கி ஐசன்ஸ்ரைன் ஹொலிவுட்டிலே பரமவுண்ட் நிறுவனத்துக்காகத் தியடோர் டிறைசரின் ‘ஓர் அமெரிக்க அவலம்’ (1925) என்னும் நாவலைத் திரைக்கதையாக்கினார். அலெக்சாந்திரோவும் ஆங்கிலேயரான ஐவர் மொண்டேகுவும் அவருடன் இணைந்து உழைத்தனர். 1906இல் நியூயோர்க் மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு கொலையைத் தழுவிய கதை அது. வறிய மதப் பிரசாரகரின் மகனான கிளைட், தன்னாற் கருவுற்ற தொழிற்சாலைப் பெண் ரொபேட்டாவை, செல்வக் குடும்பத்துப் பெண்ணொருத்தியை அடையும் ஆசையால் ஏரியிலே மூழ்கடிக்கத் திட்டமிட்டுத் தோணியில் அழைத்துச் செல்கிறான். இறுதிக் கணத்தில் அவனுக்குத் துணிவு வரவில்லை. தோணி தற்செயலாகக் கவிழ்கிறது. அவளைக் காப்பாற்றாது அவன் நீந்திக் கரைசேர்கிறான்.

தயாரிப்புத் தலைவரான ஷுல்பேர்க், கிளைட் குற்றவாளியா அல்லனா என்று கேட்டதாக ஐசன்ஸ்ரைன் 1932இல் எழுதிய கட்டுரையொன்றிலே கூறுகின்றார். அல்லன் என்பதே ஐசன்ஸ்ரைனின் விடை. அங்ஙனமாயின் இத்திரைக்கதை அமெரிக்க சமுதாயத்துக்கே விடுக்கப்படும் அறைகூவலாகிவிடும் என்றார் ஷுல்பேர்க். அவருக்கு வேண்டியிருந்தவை ஒரு கொலைத் துப்பும் ஓர் இளங்காதலும் மட்டுமே. ஐசன்ஸ்ரைனுக்கு எதிராக அன்று நடந்த கம்யூனிச எதிர்ப்புப் பிரசாரமும் சேர்ந்துகொள்ள, திட்டம் கைவிடப்பட்டது. 1931இல் யோசெப் வொன் ஸ்ரேண்பேர்க் அந்நாவலை வேறு விதமாகப் படமாக்கினார். அப்படத்தை எதிர்த்து டிறைசர் வழக்குத் தொடுத்துத் தோற்றார்.

ஷுல்பேர்க்கை அறிவிலி என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அவர் அத்திரைக்கதையை நன்கு விளங்கிக்கொண்டார் என்பதே எமது கருத்து. வெறுமனே ‘நன்று’ எனப் பாராட்டியிருக்கக்கூடிய பலரைவிட அவரது வாசிப்பு ஆழமானது. அவர் கேட்டது வெறும் உத்தி பற்றிய கேள்வி போலத் தோன்றுகிறது; கதாநாயகன் நல்லவனா கெட்டவனா என்பது இன்றும் எவரும் கேட்பதுதானே. ஆனால் அக்கேள்வி குற்றத்தைத் தனிமனிதனுக்குள் அடைத்துவிடுகிறது. அவனைத் தோணி வரை கொணர்ந்த சமுதாய நியதிகளுக்கு அதிலே இடமில்லை. கதைச்சுருக்கம் என்னும் வடிவமும் இதற்குத் துணைபோகிறது. எண்ணூறு பக்கங்களைத் தாண்டும் நாவலை இரண்டு பக்கமாக்கும்போது சம்பவம் எஞ்சுகிறது; காரணங்களே முதலில் உதிர்கின்றன. எனவே கருத்துரைப்போரின் முதற்கடன் உதிர்ந்ததைத் தேடுவதாகும். நாம் செய்வதோ எஞ்சியதற்கு மெருகூட்டச் சொல்வது.

இத்தவறு முதலாளித்துவத் தயாரிப்பாளருக்கு மட்டும் உரியதன்று. 1935இல் ஐசன்ஸ்ரைன் தம் நாட்டிலே தொடங்கிய ‘பெசின் புல்வெளி’யும் ஓயாத கண்டனங்களுக்குள்ளாகி, ஐசக் பாபலின் துணையோடு திருத்தி எழுதப்பட்டும் தப்பவில்லை. 1937இல் அது நிறுத்தப்பட்டது. வர்க்கப் போராட்டத்தைப் புராணப் பாங்கான நன்மை தீமைப் போராக ஆக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதிலே ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்த இடத்தில் அவ்வுண்மையால் எவருக்கும் பயன் விளையவில்லை. அவர் தம் ‘தவறுகளை’ அச்சில் ஒப்புக்கொள்ள நேர்ந்ததே மிச்சம். நம்பிக்கையூட்டும் முடிவு எங்கே, வேலைநிறுத்தம் எங்கே என்று முற்போக்காளராகிய நாமும் இளைஞர்களைக் கேட்டதுண்டு. ஷுல்பேர்க்கின் கேள்வியையே நாம் மறுதலையாகக் கேட்டிருக்கிறோம்.

அதே ஐசன்ஸ்ரைன் மொஸ்கோ திரைப்படக் கல்லூரியிலே நடத்திய வகுப்புகளை அவரது மாணவர் விளாடிமிர் நிஷ்னி பதிவுசெய்துள்ளார். அந்நூலின் ஆங்கிலப் பதிப்பு 1962இல் வெளிவந்தது. அதனை ஆக்கியோருள் ஐவர் மொண்டேகுவும் ஒருவர் என்பது சுவையான செய்தி. ஹெயிற்றியின் விடுதலைத் தலைவர் டெசலினை விருந்துக்கு அழைத்துக் கைதுசெய்யப் பிரெஞ்சுக்காரர் செய்யும் சதியும், அதிலிருந்து அவர் தப்புதலும் ஒரு பாடத்தின் பொருள். ஒவ்வொரு மாணவரது யோசனையையும் ஆசிரியர் கேள்வியாற் சோதிக்கிறார். சன்னல் ஏன் அங்கே? மேசை யாருக்காக? தாம் விரும்பும் விடையை நோக்கி அவர் சற்றே தள்ளுகிறார் என்ற ஐயம் எமக்கு உண்டு. எனினும் காட்சியின் நோக்கம் இன்னதென்று தெளிந்த பின்னரே, ஒரு யோசனை ஏன் பொருந்தவில்லை என்று அங்கு பேசப்படுகிறது.

ஓர் உதாரணத்தை நாமே புனைந்துகொள்வோம். கொழுந்து நிறுக்கும் இடத்திலே கணக்கப்பிள்ளை சில கிலோக்களைக் கழிக்கிறார். அதனால் ஒரு பெண்ணுக்கு அன்று அரைப்பேர். அவள் தராசைத் தட்டிவிடுகிறாள். இவ்வளவே கதைச்சுருக்கம். கணக்கப்பிள்ளையை இன்னும் கொடியவராக்கு என்பார் ஒருவர். அவளுக்கு ஒரு காதலன் வேண்டும் என்பார் இன்னொருவர். இறுதியிலே தொழிலாளர் யாவரும் அணிதிரள வேண்டும் என்போம் நாம். இவற்றை விடுத்து, கழித்த கிலோக்கள் எங்கே போகின்றன என்று மட்டும் எழுதியவரைக் கேட்டுப் பார்க்கலாம். கூடைக்கும் ஈரத்துக்கும் எனக் கழிப்பதாகக் கணக்கிலே எழுதப்படுகிறது. மிகையாகக் கழித்த கொழுந்தை எவரும் எறிந்துவிடுவதில்லை. மற்றக் கொழுந்தோடு அதுவும் தொழிற்சாலைக்குச் சென்று வாட்டப்படுகிறது. எழுதியவர் அதைப் பின்தொடர்ந்து செல்வாராயின் அவரது கதை தராசடியில் நின்றுவிடாது. அது எங்கே போய் முடியும் என்பதை அவரே வந்து எமக்குச் சொல்லட்டும்.