குடைக்கம்பியில் ஒரு விளக்கு

காரின் முன்கண்ணாடியை நாம் எப்போதும் நின்ற நிலையில்தான் பார்த்திருக்கிறோம். அதைக் கழற்றிப் படுக்கப் போட்டால் செருப்பு அடுக்கும் தட்டாகும் என்று நெதர்லாந்தில் சிலருக்குத் தோன்றியிருக்கிறது. ஹேக் நகரத்தின் கடற்கரைப் பகுதியான ஸ்கேவெனிங்கனில் டூச்சி என்று ஒரு காலணிக் கடை. 2000-களின் முற்பாதியில் அதன் உட்புறத்தை அமைத்தபோது ஆடி 100 மாடல் காரின் முன்கண்ணாடிகளைக் கொண்டுவந்து வரிசையாகப் படுக்கவைத்து, மேலே காலணிகளை அடுக்கிவிட்டார்கள். அந்த மாடலின் உற்பத்தி 1994-லேயே நின்றுபோனது.

படத்தில் அந்தக் கடையைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வளைவு. தச்சர் செய்யும் தட்டு நேர்கோடாக ஓடும். இதுவோ காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காக எங்கோ ஒரு தொழிற்சாலையில் அளந்து வளைத்த கண்ணாடி. வளைந்த தகடு தட்டையான தகட்டைவிடப் பாரம் தாங்கும் என்பதால் வேகத்துக்காக வந்த அந்த வளைவு இங்கே தட்டுக்கு வலுவாகிறது. அழகுக்காக ஒருவர் கண்ணாடியை இப்படி வளைக்கச் சொல்லியிருந்தால் கடைக்காரர் பில்லைப் பார்த்து மயங்கியிருப்பார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. காரை உடைத்துப் பிரிக்கும் இடத்தில் இரும்பு விலைபோகும், அலுமினியம் விலைபோகும், முன்கண்ணாடியை மட்டும் பெரும்பாலும் யாரும் சீண்டமாட்டார்கள். பக்கக் கண்ணாடி உடைந்தால் கல்கண்டாய் உதிர்ந்துவிடும். முன்கண்ணாடி அப்படியல்ல. இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும், விபத்தில் சில்லு முகத்தில் தெறிக்காமல் இருக்க. அந்தப் படலத்தைப் பிரித்தெடுக்கும் செலவுதான் காயலான் கடைக்குக் கட்டுப்படி ஆவதில்லை. கடைக்குள் வந்ததும் அதே படலம் நல்ல பேர் வாங்கிவிடுகிறது. ஓடிவரும் பிள்ளை இடித்து விரிசல் விழுந்தாலும் கண்ணாடி கீழே கொட்டாது. குப்பையில் தள்ளவைத்த குணமே அலமாரியில் உட்காரவைக்கிறது. தட்டு கண்ணாடி என்பதால் கீழிருந்து பார்ப்பவருக்குக் காலணியின் அடிப்பாகமும் தெரியும். செருப்பு வாங்குகிறவர் எல்லோரும் ரகசியமாகத் திருப்பிப் பார்க்கிற இடம் அதுதானே?

இதைச் செய்தவர்கள் ரோட்டர்டாமில் இயங்கிய '2012 ஆர்க்கிடெக்டன்' என்ற கட்டடக் கலைக் குழு. யான் யோங்கெர்ட், சேசரே பேரன் போன்றவர்கள் 1990-களின் கடைசியில் தொடங்கியது. பிற்பாடு 'சூப்பர்யூஸ் ஸ்டுடியோஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். வழக்கமாக வரைபடம் முதலில் வரும், பொருள் பின்னால் வரும். இவர்கள் வேலையில் அது தலைகீழ். கட்டப்போகும் இடத்தைச் சுற்றி எந்தத் தொழிற்சாலையில் என்ன மிச்சம் விழுகிறது, எந்தக் கட்டடம் இடிபடப் போகிறது என்று அலைந்து பார்த்து, அதை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்கிறார்கள். 'அறுவடை வரைபடம்' என்று அதற்குப் பேர். கைக்குக் கிடைத்தது தெரிந்த பிறகுதான் பென்சிலை எடுக்கிறார்கள். அவர்களுடைய வேலைகளைத் தொடர்ந்து பார்த்துவந்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று: பழைய பொருளின் பழைய புத்தியை இவர்கள் மாற்றப் பார்ப்பதில்லை. கண்ணாடி என்றால் அதன் வளைவு, பலகை என்றால் அதன் குட்டை நீளம், அது புதிய இடத்தில் எதற்கு உதவும் என்றுதான் யோசிக்கிறார்கள்.

நம் ஊர் அலுவலகங்களில் 'கழிவிலிருந்து கலை' என்று பெருமையாகக் காட்டும் பல அறைகள் என்னைத் தொடாமல் போவதற்கு இந்த யோசனை அங்கே இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். சரக்கு அடுக்கி அனுப்பும் மரப் பேலட்டை அடுக்கி மெத்தை போட்டு சோபா. பாட்டிலைக் கவிழ்த்து பல்பு மாட்டினால் விளக்கு. டயருக்குச் சாயம் பூசி முக்காலி. சோபாவில் பேலட்டின் குணம் எதுவும் இல்லை. வேறு எந்தக் கட்டையைப் போட்டிருந்தாலும் அதே சோபாதான். சில இடங்களில் பழசுபோலத் தெரிய புதுப் பலகையையே செய்துவாங்கித் தேய்த்துவைக்கிறார்கள், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. அசல் பேலட்டை அடையாளம் காண ஒரு வழி உண்டு. நாடுவிட்டு நாடு போகும் பேலட்டின் கட்டையில் கோதுமைக் கதிர் போட்ட ஒரு முத்திரை குத்தியிருக்கும். பக்கத்தில் நாட்டின் குறியீடு, அதன்பின் 'எச்.டி.' அல்லது 'எம்.பி.' என்ற எழுத்துகள். எச்.டி. என்றால் கட்டையின் உட்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்து பூச்சி செத்த மரம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ கொண்டுவரக் கூடாது. அடுத்த முறை பேலட் சோபாவில் உட்காரும்போது பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முத்திரையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்திருந்தால், அழித்தவருக்கு மரத்தைப் பற்றி அக்கறையில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ரோட்டர்டாம்காரர்கள் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலைத் துறைக்குள் ஒரு காபி பாரும் செய்திருந்தார்கள். வாஷிங் மெஷின்களின் முன்பக்கத் தகடுகளை, வட்டக் கதவுத் துளையோடு, சுவராக நிறுத்திய பார். 2008 மே 13 அன்று அந்தத் துறையின் கட்டடமே தீப்பிடித்து எரிந்தது. தண்ணீர் கசிந்து ஒரு காபி இயந்திரத்தில் மின்கசிவு ஏற்பட்டதுதான் காரணம். தானியங்கி இயந்திரத்தைச் சொல்கிறேன், வாஷிங் மெஷின் பாரைச் சொல்லவில்லை.

அவர்கள் வேலையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் அலுவலகமோ கடையோ அல்ல, ஒரு வீடு. நெதர்லாந்தின் கிழக்கு ஓரத்தில் என்ஸ்கெடே நகரம். 2000-ஆம் ஆண்டு, அதுவும் ஒரு மே 13, பட்டாசுக் கிடங்கு ஒன்று வெடித்து ரோம்பேக் என்ற குடியிருப்புப் பகுதியையே தரைமட்டமாக்கியது. அதை மறுபடி கட்டியெழுப்பியபோது எழுந்த வீடுகளில் ஒன்று வில்லா வெல்பெலோ. ஓவியம் சேகரிக்கும் ஒரு தம்பதிக்காகக் கட்டியது. அந்த வட்டாரம் ஒரு காலத்தில் நெசவாலைகளுக்குப் பேர்போனது. ஆலைகள் மூடின, இயந்திரங்கள் மிஞ்சின. அப்படி மிஞ்சிய ஒரு ஜவுளி இயந்திரத்தைப் பிரித்து அதன் எஃகை வீட்டின் எலும்புக்கூடாக நிறுத்தினார்கள். வெளிச்சுவருக்கு கேபிள் சுற்றும் ராட்சத மரச்சக்கரங்களின் பலகைகள், பக்கத்துக் கேபிள் தொழிற்சாலையில் கழித்துப்போட்டவை. நூற்றுக்கணக்கான சக்கரங்கள். மழையில் உளுத்துப்போகாமல் இருக்க, ரசாயனம் தடவாமல், சூட்டில் பதப்படுத்திச் சுவரில் ஏற்றினார்கள். சக்கரத்துப் பலகை குட்டையாகத்தான் இருக்கும். நீளப் பலகைபோலக் காட்ட ஒட்டுப்போட்டு மறைக்கவில்லை. குட்டைப் பலகைகளை நெருக்கி நிறுத்தி, நீண்ட சுவரைப் பட்டை பட்டையாகப் பிரித்துவிட்டார்கள். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இது சீரான, செலவு செய்து கட்டிய மரவீடு. கழிவு என்று ஒரு வார்த்தை அது சொல்லாது.

சிரிப்பு உள்ளே இருக்கிறது. விளக்குகளில் சில, உடைந்த குடைகளின் கம்பிகளால் செய்தவை. குடைக்கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? குச்சிபோல ஒல்லி, இழுத்து விட்டால் விறைக்கும், நடுவில் ஒரு மூட்டு, மடக்கினால் மடங்கும். கட்டை விரலளவு பல்பைத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்ப, கை மடக்கும் மேசை விளக்கு எதைச் செய்கிறதோ அதையே இது இன்னும் ஒல்லியாகச் செய்கிறது. துணி கிழிந்ததும் குடையைத் தூக்கிப்போட்டுவிடுகிறோம். கம்பி அதற்குப் பிறகும் பல வருடம் வேலைசெய்யக் கூடியது. நெதர்லாந்தில் காற்று அடிக்கிற அடிக்குக் குடைக்கம்பிக்குப் பஞ்சமே வராது.

அதைவிட எனக்குப் பிடித்தது அலமாரிகள். மூடியிருக்கும்போது சாதாரண அலமாரி, அமைதியான முகப்பு. இழுப்பறையைத் திறந்தால் உள்ளே பளீரென்று ஒரு நிறம், பாதி எழுத்து, எதற்கான விளம்பரம் என்று தெரியாத ஒரு படத்தின் துண்டு. தெருவோர விளம்பரப் பலகைகளை அறுத்து அலமாரிக்குள் வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் போகிறவன் கண்ணில் ஒரு நொடியில் அறைய வேண்டும் என்று செய்த நிறம் அது. இப்போது கரண்டி எடுக்க வருகிற ஒருவருக்கு மட்டும் தெரிகிறது. இதை முகப்பில் ஒட்டியிருந்தால் விருந்தாளி எல்லோரும் ஒருமுறை 'அடடே' என்றிருப்பார்கள், வீட்டுக்காரருக்கு ஒரு மாதத்தில் சலித்திருக்கும். உள்ளே வைத்ததால் ஒவ்வொரு முறையும் திறக்கிறவருக்குக் கொஞ்சம் கிடைக்கிறது.

காட்டுவதும் தப்பில்லை, காட்டத் தெரிந்தவர் காட்டினால். நவி மும்பையில் பேலாப்பூர் குன்றின்மேல் எஸ்+பி.எஸ். ஆர்க்கிடெக்ட்ஸ் கட்டிய 'கொலாஜ் ஹவுஸ்' இதற்கு எதிர்ப்பக்கம். மும்பையில் இடித்த வீடுகளின் கதவுகளையும் ஜன்னல்களையும் ஒன்றோடொன்று கோத்து, வீட்டின் முன்மூலை முழுவதையும் சுவராக நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. நான் ஜன்னல்களைவிட அவற்றுக்கு இடையில் விழும் சந்துகளைத்தான் பார்ப்பேன். நாலடிக் கதவுக்குப் பக்கத்தில் மூன்றேகாலடி ஜன்னல் வந்தால் மிச்ச இடத்தை நிரப்புவதில்தானே ஆசாரியின் கை தெரியும்! தரையில் பர்மா தேக்கு. கூரையில் உத்தரமாகவும் கைமரமாகவும் கிடந்த கட்டைகளை அறுத்துத் தரைப் பலகை ஆக்கியிருக்கிறார்கள். பழைய வீடு இடிபடும்போது தேக்குக்கு மட்டும் முதலிலேயே ஆள் வந்து விலைபேசிவிடுவது நமக்கும் பழக்கமான காட்சிதான். இந்த வீட்டில் மிஞ்சிய இரும்புக் குழாய்த் துண்டுகளை மூங்கில் கொத்துபோல் சேர்த்து ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதில் சில குழாய் தூணின் வேலையைப் பார்க்கிறது, சில மழைத் தண்ணீரை இறக்குகிறது. எது எது என்று வெயில் காலத்தில் கண்டுபிடிக்க முடியாது, மழை வந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய ஜன்னலை வெளிச்சுவரில் வைப்பது மும்பைக் காற்றில் சரி. ரோட்டர்டாமில் அது நடக்காது. குளிர் நாட்டில் வெளி ஜன்னல் எவ்வளவு சூடு கசியவிடலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது, அது காலப்போக்கில் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. நன்றாக இருக்கும் ஜன்னல்கள்கூடக் கணக்கில் தோற்று, மரச் சட்டமும் கண்ணாடியும் கீலுமாக வெளியே வந்து விழுகின்றன. சூப்பர்யூஸ்காரர்கள் அவற்றை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதுதான் அவர்களுடைய வேலையிலேயே எனக்குத் தெரிந்து மிகச் சிக்கனமான யோசனை.

ரோட்டர்டாமில் மாஸ் ஆற்றின் கரையில் டிராபிகானா என்று ஒரு நீச்சல் கேளிக்கை மையம், 1988-ல் திறந்தது. கண்ணாடிக் கூரை, உள்ளே வெப்ப மண்டலச் செடிகள், சறுக்குக் குழாய்கள். 2010-ல் மூடிவிட்டார்கள். காலியாகக் கிடந்த கட்டடத்தின் அடித்தளத்தில் சிலர் காபிச் சக்கையில் சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கினார்கள். ஈரமும் இருட்டும் இலவசமாகக் கிடைத்தன. 2015-ல் கட்டடம் கைமாறி 'புளூசிட்டி' ஆனது: ஒருவர் கழிக்கிறதை இன்னொருவர் மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளும் சிறு தொழில்களுக்கான இடம். அங்கே முன்பு இரவு விடுதியாக இருந்த பகுதியை அலுவலகமாக மாற்றும் வேலை சூப்பர்யூஸிடம் வந்தது. பயன்படுத்தியதில் சுமார் 90 சதவீதம் வேறெங்கோ பயன்பட்ட பொருள்.

அறைகளைப் பிரிக்கும் தடுப்புகளில்தான் பழைய மர ஜன்னல் சட்டங்கள் வருகின்றன. வெளியில் தோற்ற ஜன்னலுக்கு உள்ளே தேர்வே கிடையாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சூடு, கசிந்தால் யாருக்கு நஷ்டம்? மழை படாது, வெயில் படாது. வெளிச்சத்தை மட்டும் அடுத்த அறைக்கு அனுப்பினால் போதும், அதை ஜன்னல் பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருக்கிறது. புதிதாக அலுமினியப் பார்ட்டிஷன் போட்டிருந்தால் கண்ணாடி கண்ணுக்கே தெரியாமல் நின்றிருக்கும், யாராவது மோதி மூக்கை உடைத்துக்கொள்ளாமல் இருக்க ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருக்கும். மரச் சட்டம் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் இங்கே அந்தக் கவலை இல்லை. வெளிச்சுவருக்கென்று செய்த சட்டம் என்பதால் கை வைத்தால் கனம் தெரியும். உள் தடுப்புக்கு இவ்வளவு தடிமனான மரத்தை எந்த கான்ட்ராக்டரும் எஸ்டிமேட்டில் எழுதமாட்டார்.

எஸ்டிமேட் என்றதும் சொல்ல வேண்டியது, இப்படிப்பட்ட வேலை மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. ஜன்னல் சும்மா கிடைக்கலாம். அதை உடையாமல் கழற்ற, ஆணி பிடுங்க, ஒவ்வொன்றையும் அளந்து வரிசை எண் போட, எது எதற்குப் பக்கத்தில் உட்காரும் என்று பார்க்க ஆள் வேண்டும். பொருளுக்குப் போக வேண்டிய பணம் கூலிக்குப் போகிறது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, பணம் தொழிற்சாலைக்குப் போவதைவிடத் தச்சருக்குப் போவது மேல். சந்தேகம் சத்தத்தைப் பற்றித்தான். பழைய ஜன்னல் என்றால் பெரும்பாலும் மெல்லிய கண்ணாடி, சட்டத்தில் சந்து வேறு. பக்கத்து அறையில் ஒருவர் போனில் சம்பளம் பேசினால் இந்த அறையில் எவ்வளவு கேட்கும்? படத்தில் அது தெரியாது, அங்கே உட்கார்ந்து வேலைசெய்கிறவரைத்தான் கேட்க வேண்டும்.