செய்தியோடையும் வாசகரின் தேர்வும்

ஆசிரியர் குழுவோ பதிப்பகமோ இன்றித் தனி ஒருவர் தம் பொறுப்பில் எழுதி, நாளிட்டு, இணையத்தில் வெளியிடுவது வலைப்பதிவு. அதற்கு வெளியீட்டு நாள் என்று ஒன்று இல்லை. ஒரே வாரத்தில் மூன்று கட்டுரைகள் வரலாம். பின்னர் ஆறு திங்கள் எதுவும் வாராமலும் இருக்கலாம். இவ்வாறு கால ஒழுங்கின்றி வரும் எழுத்தைத் தவறவிடாமல் படிக்கத் துணைசெய்யும் கருவியே செய்தியோடைத் திரட்டி. பதிவர் புதிதாக வெளியிடுவது அவர் தளத்திலுள்ள ஓடைக் கோப்பில் சேர்கிறது. வாசகரின் திரட்டி அக்கோப்பை அவ்வப்போது பார்த்து, புதியதைக் கொணர்ந்து தருகிறது.

இம்முறையின் முதல் வடிவம் 1999ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தோன்றியது. 2002இல் ஆர்.எஸ்.எஸ். 2.0 என்னும் வடிவத்தை வெளியிட்ட டேவ் வைனர், 1997 முதல் ‘ஸ்கிரிப்டிங் நியூஸ்’ என்ற வலைப்பதிவை எழுதிவந்தவர். அவ்வடிவத்தின் விதிப்படி ஒரு பதிவுக்குத் தலைப்பு கட்டாயமன்று. தலைப்பு, உரை ஆகிய இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். இலக்கிய நோக்கில் இது சிறு செய்தியன்று. முழுக் கட்டுரையாக வளராத இரண்டு வரிச் சிந்தனைக்கும் இவ்விதி எழுத்தென்ற மதிப்பை அளித்தது.

திரட்டியின் தலையாய சிறப்பு, அது தானே தரம் பிரிக்க முற்படாமையாகும். சமூக ஊடகங்களில் எதை முதலில் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் நிறுவனத்தின் கணிப்பே முடிவு செய்கிறது. ஆங்கு எழுதுவோர் அக்கணிப்புக்கு ஏற்பக் குரலை உயர்த்தவும் பொருளைக் குறைக்கவும் தூண்டப்படுகின்றனர். திரட்டியிலோ, வாசகர் தேர்ந்த பதிவர் மட்டுமே பொதுவாகக் கால வரிசையில் வருகின்றனர். ஆகவே, ஒரு சொல்லின் வரலாற்றைப் பொறுமையுடன் ஆராய்ந்து எழுதுபவரும் அங்கே தம் வாசகரை இழப்பதில்லை.

குறைகளும் உண்டு. படிக்காதவற்றின் எண்ணிக்கையைத் திரட்டி நாள்தோறும் காட்டுவதால், படிப்பு இன்பமாக இராமல் தீர்க்கவேண்டிய கடனாகிவிடுகிறது. பதிவர் தம் தளத்துக்கு அளித்த தனித்தோற்றமும் மறைந்து, அனைவரும் ஒரே உடையில் காட்சி தருகின்றனர். ஒரே நிறுவனத்தை நம்புவதும் தீங்காகலாம். 2005இல் தொடங்கிய கூகுள் ரீடர், 2013 ஜூலை 1ஆம் நாள் நிறுத்தப்பட்டது. ஆயினும் ஓடைகள் பதிவர்களின் தளங்களிலேயே இருந்தமையால் அவை அழியவில்லை; தம் பட்டியலைக் கோப்பாக எடுத்துக்கொண்டவர்கள் வேறு திரட்டியில் படிப்பைத் தொடர முடிந்தது.

எனவே, கருவியினும் பட்டியலே முதன்மையானது. யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று முடிவு செய்வது திறனாய்வின் பாற்பட்ட செயலாகும். அதனை எந்தக் கருவியும் வாசகருக்காகச் செய்து தராது. தமிழ் கற்பிப்போர் மாணவர்க்குத் திரட்டியைக் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. பத்துப் பதிவரைத் தேர்ந்தெடுத்து அதற்குக் காரணம் எழுதவும், ஓராண்டு கழித்து அப்பட்டியலை மீண்டும் ஆராய்ந்து திருத்தவும் அவர்களைப் பழக்குதல் வேண்டும்.